உடைந்த டெயில் லைட் கிளாஸை வீட்டில் வார்த்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1960-களின் பிற்பகுதியைச் சேர்ந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த வரிசை. உரிமையாளர் பணி ஓய்வு பெற்றவர். வாரத்துக்கு இரண்டு நாள் வண்டியை வெளியே எடுப்பார். ஆகஸ்ட் மாதக் கடைசியில், நிறுத்தி வைத்திருந்த இடத்தில் ஒரு சரக்கு ஆட்டோ பின்னால் வந்து இடித்தது. பம்பருக்கும் உடம்புக்கும் பெரிய சேதம் இல்லை. வலப்பக்க டெயில் லைட்டின் சிவப்பு கிளாஸ் மட்டும் நான்கு துண்டாக உடைந்தது.

இந்த வண்டியில் முந்தைய உரிமையாளர் காலத்திலேயே பின்விளக்குகள் உள்ளூர்த் தயாரிப்புக்கு மாற்றப்பட்டிருந்தன. சிக்கல் இங்கேதான் தொடங்கியது. மூல வண்டிக்கு உரிய கிளாஸ் எங்கிருந்து வந்தாலும் இந்த விளக்குக்குப் பொருந்தாது. சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் மூன்று வாரம் தேடியதில் ஒரே ஒரு கிளாஸ் கிடைத்தது. அது நெருங்கிய சாயலில் இருந்தாலும் திருகுத் துளைகளுக்கு இடையே 4 மி.மீ. வித்தியாசம். துளையை நீட்டி மாட்டினால் விளிம்பு ரப்பரில் உட்காரவில்லை.

வேலையில் இறங்கியவர்கள் மூன்று பேர்: உரிமையாளர், ஃபைபர் கிளாஸ் வேலை தெரிந்த அவருடைய உறவினர், வண்டிக்கு வழக்கமாகப் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்காரர். மூவருக்கும் அச்சு எடுத்துப் பழக்கம் உண்டு. ஒளி ஊடுருவும் பொருளை வார்த்த அனுபவம் ஒருவருக்கும் இல்லை.

முதலில் கவனித்தவை

கிளாஸின் உயரம் 128 மி.மீ., அகலம் 74, ஆழம் 31, சுவரின் தடிமன் 2.8. பொருள் அக்ரிலிக். வெளிப்பக்கம் வழவழப்பு. உள்பக்கம் முழுக்க செங்குத்து வரிகளும் சிறு தலையணை போன்ற மேடுகளும் இருந்தன. பல்பின் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விரித்துத் தருபவை இந்த வரிகள்தான். வரி இல்லாத சிவப்பு மூடியை மாட்டினால் நடுவில் ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று தெரியும், பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு விளக்கு எரிவதே தெரியாது. கீழ்ப்பகுதியில் மூன்று செ.மீ. உயரத்துக்கு ரிஃப்ளெக்டர் கட்டங்கள் இருந்தன.

இடப்பக்க கிளாஸ் முழுசாக இருந்தது. அதையே மூலமாக வைத்து அச்சு எடுத்துவிடலாம் என்பதுதான் முதல் எண்ணம். இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தபோது அது நடக்காது என்று தெரிந்தது. வண்டியின் வெளி ஓரத்தை ஒட்டிய பக்கம் சரிந்து இறங்குகிறது. இடது வலதுக்குக் கண்ணாடிப் பிம்பம். இடதிலிருந்து எத்தனை நகல் எடுத்தாலும் இடதுதான் வரும். ஆகவே உடைந்த வலதையே ஒட்டி மூலமாக்க வேண்டும். நான்கு துண்டுகளும் பத்திரமாக இருந்தன. 14 மி.மீ.க்கு 9 மி.மீ. அளவில் ஒரு சில்லு மட்டும் காணவில்லை.

இன்னொன்றும் இந்தக் கட்டத்திலேயே கண்ணில் பட்டது. வெளியே தெரியும் பகுதி வெயிலில் வெளுத்து ஆரஞ்சுச் சிவப்பாகியிருந்தது. குரோம் வளையத்துக்கு அடியில் மறைந்திருந்த 5 மி.மீ. விளிம்பில் மட்டும் பழைய ஆழ்ந்த சிவப்பு அப்படியே இருந்தது. பின்னால் நிறம் சேர்க்கும்போது அந்த விளிம்புதான் அளவுகோல் ஆயிற்று.

எந்த வழி என்ற முடிவு

மூன்று வழிகள் பரிசீலனைக்கு வந்தன. சிவப்பு அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி மர அச்சின் மேல் இழுத்து வளைப்பது மலிவு, அக்ரிலிக் வெயிலையும் தாங்கும். ஆனால் உள் வரிகள் வராது, 31 மி.மீ. ஆழத்தில் மூலைகள் பாதித் தடிமனாக மெலியும். 3டி பிரிண்டரில் எடுத்தால் அடுக்குக் கோடுகள் விழும். நூறு சாய்வான வரிகளின் உட்புறத்தைத் தேய்த்துத் தெளிவாக்குவது நடக்கிற காரியமில்லை. எஞ்சியது சிலிகான் ரப்பர் அச்சில் தெளிந்த ரெசினை (கலந்து ஊற்றினால் இறுகும் திரவ பிளாஸ்டிக்கை) வார்ப்பது. வரியின் நுனி முதல் மேற்பரப்பின் பளபளப்பு வரை சிலிகான் அப்படியே பிரதி எடுக்கும். அதனால் இந்த வழி தேர்வானது.

இறுகவைக்கும் பொருளை வைத்துச் சிலிகானில் இரண்டு வகை: பிளாட்டினம், தகரம் (டின்). பிளாட்டினம் வகை சுருங்காது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கந்தகம் கலந்த களிமண், சில ரப்பர் கையுறைகள், சரியாக இறுகாத பட்டி (புட்டி) ஆகியவை பட்ட இடத்தில் அது இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். மூலத்தில் பட்டியும் ஒட்டும் இருந்ததால் தகரம் வகை எடுக்கப்பட்டது. விலையும் குறைவு. முடிவு சரிதான். இந்த வகை அச்சுக்கு ஆயுள் குறைவு என்பது மட்டும் கணக்கில் இருக்க வேண்டும்.

மூலத்தைச் சரிசெய்தது

துண்டுகள் சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவப்பட்டன. தின்னரோ பெட்ரோலோ ஸ்பிரிட்டோ அக்ரிலிக்கில் பட்டால் மயிரிழை விரிசல்கள் ஓடும், அவை அச்சில் அப்படியே பதியும். ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ வேண்டாம் என்று முடிவாயிற்று. அதன் ஆவி ஓரங்களில் வெள்ளைப் படலமாகப் படியும். துண்டுகளைச் சேர்த்து டேப் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அக்ரிலிக் கடைகளில் கிடைக்கும் கரைப்பான் ஒட்டை ஊசி சிரிஞ்சால் விரிசலில் விட்டார்கள். இடுக்கில் தானே இழுத்துக்கொண்டது. ஒரு நாள் அசைக்கவில்லை.

காணாமல் போன சில்லு வரிகள் உள்ள இடத்தில் இருந்தது. வெறும் பட்டியை அப்பித் தேய்த்தால் அங்கே வரி இருக்காது. அதே வரிகள் ஓடும் பக்கத்து இடத்தின் மேல் விரலளவு சிலிகானை அழுத்தி எடுத்து ஒரு முத்திரை செய்தார்கள். ஓட்டையை எபாக்ஸி பட்டியால் நிரப்பி, ஈரம் காய்வதற்குள் வாஸ்லின் தடவிய முத்திரையை உள்ளிருந்து அழுத்தி, வரிகளின் வரிசை பார்த்து நிறுத்தி இறுக விட்டார்கள். இறுகிய பின் ஒட்டுத் தெரிந்தது, வரி முறியவில்லை.

வெளிப்புறம் 400, 800, 1200, 2000 என்ற வரிசையில் வாட்டர் பேப்பர் போட்டு, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றப்பட்டது. இதில் அவசரப்பட்டால் பிறகு வார்க்கிற ஒவ்வொரு கிளாஸிலும் அந்தக் கீறலைத் தனித்தனியே தேய்க்க வேண்டியிருக்கும்.

மூலத்தின் முகப்பில் தயாரிப்பாளர் பெயரும் ஒப்புதல் குறியும் புடைப்பாக இருந்தன. அவற்றைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டார்கள். வீட்டில் வார்த்த கிளாஸ் எந்தச் சோதனைக்கூடத்திலும் தேறியதல்ல. தேறியதற்கான குறி அதன் மேல் இருக்கக் கூடாது. இந்த ஆய்வை எழுதும் நாங்கள் இதை முழுமையாக ஏற்கிறோம். நகல் எடுப்பவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் விட்டுவிடுகிற இடம் இது.

முதல் அச்சு

பெட்டி லேமினேட் ஒட்டிய பலகையில், உள் அளவு 160 × 105 × 65 மி.மீ. கிளாஸைச் சுற்றி குறைந்தது 15 மி.மீ. சிலிகான் நிற்கும்படி கணக்கு. கொள்ளளவு ஏறக்குறைய 1.1 லிட்டர், ரப்பர் 1.2 கிலோ. ஹார்டனர் எடையில் 3 சதவீதம், அதாவது 36 கிராம். சென்னை வெயிலில் இருபது நிமிடத்தில் கெட்டியாகத் தொடங்கியதால் அச்சின் இரண்டு பாதிக்கும் வேண்டியதைத் தனித்தனியே கலந்தார்கள்.

முதலில் கிளாஸைக் கவிழ்த்து முகப்பைக் களிமண்ணில் புதைத்து, உட்குழிவையும் விளிம்பையும் சிலிகானால் நிரப்பினார்கள். வரிகளுக்குள் காற்று சிக்காமலிருக்க முதல் பூச்சு மெல்லிய தூரிகையால். மீதியை ஒரு மூலையில் மட்டும், நூல் போல, அரை மீட்டர் உயரத்திலிருந்து ஊற்றினார்கள். மறுநாள் திருப்பி, களிமண்ணை நீக்கி, இறுகிய சிலிகானின் மேல் வாஸ்லினை மெல்லிசாகத் தடவி அடுத்த பாதியை ஊற்றினார்கள். வாஸ்லின் விட்டுப்போன இடத்தில் சிலிகானும் சிலிகானும் ஒன்றாகிவிடும், பிறகு கத்தியால்தான் பிரிக்க முடியும்.

ஊற்றுவாய் விளிம்பின் ஒரு முனையில், காற்றுப் போக்கிகள் மூன்று எதிர் முனையில். முகப்பு கீழே இருக்கும்படி அச்சைச் சாய்த்து நிறுத்தினால் குமிழ் மேலேறி விளிம்பில் நிற்கும். விளிம்பு வளையத்துக்குள் மறைந்துவிடும்.

பாலியெஸ்டரும் எபாக்ஸியும்

முதல் வார்ப்பு தெளிந்த பாலியெஸ்டர் ரெசினில். பாரிமுனைப் பக்கம் ஃபைபர் சாமான் கடையில் கையோடு கிடைப்பது, உறவினருக்குப் பழகியது. இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 1.5 சதவீதம். (இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டர் ஏற்கெனவே கலந்த ரெசினையே வாங்க வேண்டும். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.) கிளாஸ் அழகாக வந்தது, ஆனால் சுருங்கி வந்தது. 128 மி.மீ. உயரம் 126-க்கும் கீழே இறங்கியிருந்தது. திருகு ஒரு துளையில் நுழைந்தால் அடுத்ததில் நுழையவில்லை. காற்றுப் பட்ட விளிம்பு பிசுபிசுப்பாகவே நின்றது. துளையைச் சுற்றித் தடித்த இடத்தில், இறுகும்போது எழுந்த சூட்டில் விரிசல் விட்டிருந்தது.

அடுத்து தெளிந்த எபாக்ஸி. சுருக்கம் மிகக் குறைவு, மெதுவாக இறுகுவதால் குமிழும் தானே வெளியேறிவிட்டது. அளவு பொருந்தி வண்டியில் மாட்டவும் செய்தார்கள். வேலை முடிந்தது என்றே மூவரும் நினைத்தார்கள். பட்டறைக்காரர்தான் பிரேக் பெடலுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து விளக்கை எரியவிட்டுப் பார்க்கச் சொன்னார். பல்பு 21/5 வாட், அதாவது பிரேக்குக்கு 21, பின்விளக்குக்கு 5 என இரண்டு இழை. பிரேக் இழை எரியும்போது 21 வாட்டும் கிட்டத்தட்ட முழுக்கச் சூடுதான். பல்புக்கும் கிளாஸுக்கும் இடைவெளி 18 மி.மீ. பத்து நிமிடம் கழித்து கிளாஸைக் கழற்றி உட்புறத்தை வெப்பமானியால் பார்த்தபோது 71 டிகிரி செல்சியஸ். பல்புக்கு நேர் எதிரே விரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்தது. அறைவெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்ஸி 50 முதல் 60 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும். நெரிசலில் பெடலில் கால் வைத்தபடி நிற்கும் ஒரு மாலையே அதற்குப் போதும்.

இந்தச் சோதனையை வார்த்த பிறகு செய்ததுதான் தவறு. கையில் இருந்த பழைய கிளாஸை மாட்டி வெப்பத்தை முன்பே அளந்திருந்தால், எந்த ரெசின் என்ற கேள்வி முதல் நாளே தீர்ந்திருக்கும்.

நுரை

மூன்றாவது தேர்வு தெளிந்த பாலியூரித்தேன், வெயிலில் மஞ்சளடிக்காத அலிஃபாட்டிக் வகை. இரண்டு பாகமும் எடையில் சரிக்குச் சரி. கிளாஸுக்கு 65 கிராம் போதும். ஊற்றுவாய், போக்கிகளையும் சேர்த்து 45-க்கு 45 கிராம் கலந்தார்கள். சூடேற்றி முதிரவிட்டால் 75 டிகிரி வரை தாங்கும் என்று பொருளின் தாளில் இருந்தது. கூடவே பல்பை எல்இடிக்கு மாற்றுவது என்றும் முடிவெடுத்தார்கள். இரண்டில் ஒன்று மட்டும் போதாது. நாளைக்கு யாராவது பழையபடி இழை பல்பை மாட்டினாலும் கிளாஸ் உருகக் கூடாது.

இதற்குள் அக்டோபர் பாதி தாண்டி வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. முதல் வார்ப்பு அச்சுக்குள்ளேயே பொங்கியது. திறந்தபோது கிளாஸ் முழுக்கச் சோடாவில் நிற்பது போன்ற குமிழ்கள். கலந்த விதம் தவறு என்று நினைத்து இன்னும் மெதுவாகக் கலந்தார்கள். அதே கதி. மூன்றாவது முறை கோப்பையில் மிச்சம் நின்றதைப் பட்டறைக்காரர் எடுத்துப் பார்த்தார்.

"சார், இது மழை நாள்ல மூடாம வச்ச டூ-கே ஹார்டனர் மாதிரியே நுரைக்குது."

"அது பெயின்ட்டு, இது ரெசினாச்சே தம்பி?"

"ரெண்டுத்துலயும் ஹார்டனர் ஒரே குடும்பந்தான் சார். தண்ணி ஆகாது."

டூ-கே என்பது ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பெயின்ட். அவர் சொன்னதுதான் காரணம். பாலியூரித்தேனின் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். ஈரம் பட்டால் அது கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். குமிழ் கலக்கும்போது நுழைந்த காற்றல்ல, ரெசினுக்குள்ளேயே பிறந்த வாயு. எவ்வளவு மெதுவாகக் கலந்தாலும் அது போகாது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். வேலை நடந்த கார் ஷெட்டில் காற்றின் ஈரப்பதம் 84 சதவீதம். ஹார்டனர் டின் இரண்டு வாரமாக அரைகுறையாக மூடியிருந்தது. கலக்கியது காகிதக் கோப்பையில், மரக் குச்சியால். இரண்டுமே ஈரம் வாங்கும். சிவப்புச் சாயம் ஃபைபர் கடையில் வாங்கியது, ஆல்கஹாலில் கரைத்தது. ஆல்கஹாலும் ஐசோசயனேட்டோடு வினைபுரியும். ஹார்டனர் சாயத்தோடு சேர்ந்து செலவாகி, கிளாஸ் ரப்பர் போல மெத்தென்று நின்றதற்கு அதுவே காரணம். கடைசியாக அச்சு. தகரம் வகை சிலிகான் இறுகும்போது ஆல்கஹாலை வெளிவிடும். புது அச்சில் உடனே பாலியூரித்தேனை ஊற்றக் கூடாது.

மாற்றங்கள்: வேலை குளிர்சாதன அறைக்கு மாறியது, அங்கே ஈரப்பதம் 52. புது டின் வாங்கி, திறந்த ஒவ்வொரு முறையும் உள்ளே உலர்ந்த நைட்ரஜன் விட்டு மூடினார்கள். பிளாஸ்டிக் கோப்பை, எவர்சில்வர் கரண்டி. பாலியூரித்தேனுக்கென்றே விற்கும் சாயம். அச்சை 60 டிகிரியில் நான்கு மணி நேரம் காயவைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றினார்கள். அந்த அறை படுக்கை அறை என்பதால் ஒரு எச்சரிக்கை தேவை. ஐசோசயனேட் ஆவி மூச்சுக்குழாயைப் பாதிக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு துளி பட்டாலும் மூச்சிரைக்கும். கரிம ஆவி வடிகட்டி உள்ள முகமூடி, நைட்ரைல் கையுறை, கலந்து ஊற்றியதும் ஜன்னல் திறந்து மின்விசிறி. அன்றிரவு அந்த அறையில் யாரும் படுக்கவில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த ரெசின் பக்கமே போகக் கூடாது. தராசும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

பருக்கள்

நுரை நின்றது. ஆனால் கலக்கும்போது நுழைந்த மெல்லிய குமிழ்கள் இருந்தன. ஆறு நிமிடத்தில் கெட்டியாகும் ரெசினில் அவை மேலேறி வெளியேற நேரமில்லை. அதற்கு அழுத்தத்தில் இறுக வைக்க வேண்டும். பிரஷர் குக்கரில் கம்ப்ரசரை இணைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நல்லவேளை, அது அங்கேயே மறுக்கப்பட்டது. குக்கர் தாங்குவது ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). இந்த வேலைக்கு வேண்டியது 45 முதல் 50. மூடி பறந்தால் உயிர் போகும். பட்டறையிலிருந்த பத்து லிட்டர் பெயின்ட் பிரஷர் டேங்க் 60 பிஎஸ்ஐக்குச் சான்று பெற்றது, சேஃப்டி வால்வு உள்ளது. அதில் அச்சை வைத்து 45 பிஎஸ்ஐ ஏற்றினார்கள். நான்கு மணி நேரம் கழித்துத் திறந்தார்கள். இதற்கு முன்பே காற்றை இறக்கினால் அமுங்கிய குமிழ்கள் மறுபடி விரியும்.

உள்ளே குமிழ் ஒன்றுகூட இல்லை. ஆனால் வழவழப்பாக இருக்க வேண்டிய முகப்பில் கடுகளவில் முப்பதுக்கும் மேற்பட்ட பருக்கள் புடைத்து நின்றன. அச்சில் கையால் தடவினால் ஒரு பள்ளமும் இல்லை.

இதற்கு விளக்கம் கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. சிலிகானை ஊற்றியபோது அதன் உடம்புக்குள் சிறு காற்றுக் குமிழ்கள் தங்கியிருந்தன. சாதாரண அழுத்தத்தில் அவை வெளியே தெரியாது. டேங்கில் 45 பிஎஸ்ஐ ஏறியதும் அந்தக் குமிழ்கள் சுருங்க, அவற்றின் மேலிருந்த மெல்லிய சிலிகான் தோல் உள்வாங்கியது. அந்தப் பள்ளங்களில் ரெசின் நிரம்பிப் பருக்களாகியது. டேங்கைத் திறந்ததும் அச்சு பழைய நிலைக்கு வந்துவிடுவதால் அச்சில் தடயமே இருக்காது.

எந்த அழுத்தத்தில் வார்க்கிறோமோ அதே அழுத்தத்தில் அச்சையும் இறுகவைக்க வேண்டும். ஆகவே இரண்டாவது அச்சு, இன்னொரு 1.2 கிலோ சிலிகான். ஊற்றிய கையோடு பெட்டியை டேங்கில் வைத்து 50 பிஎஸ்ஐயில் ஓர் இரவு. இந்த அச்சில் எடுத்த எதிலும் பரு வரவில்லை.

நிறமும் வெளிச்சமும்

சாயத்தின் அளவைப் பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துத் தீர்மானித்த முதல் கிளாஸ் மேசை மேல் பிரமாதமாக இருந்தது. எரியவிட்டபோது மங்கல். ஒரு மீட்டர் தூரத்தில், இருட்டறையில், அதே 21 வாட் இழையில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் வைத்து அளந்தார்கள். இடப்பக்கப் பழைய கிளாஸ் 41 லக்ஸ், வார்த்த கிளாஸ் 19. பாதிக்கும் கீழே. பின்னால் வருபவருக்கு ஒரு பக்கம்தான் பிரேக் பிடித்தது போலத் தோன்றும்.

பிறகு முறையாகச் செய்தார்கள். 2.8 மி.மீ. தடிமனில் சிறு வட்டுகள் ஐந்து, சாயம் எடையில் 0.05 முதல் 0.4 சதவீதம் வரை. ஒவ்வொன்றையும் பழைய கிளாஸின் வெளுக்காத விளிம்போடு சேர்த்து, எரியும் பல்பின் முன் பிடித்து ஒப்பிட்டார்கள். 0.05-இல் வெளிச்சம் இளஞ்சிவப்பாக, ஏறக்குறைய வெள்ளையாகக் கசிந்தது. இது மங்கலைவிட ஆபத்து. பின்விளக்கு சிவப்பாகத் தெரிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 கேட்பது, சாலையில் மற்றவர்கள் நம்பியிருப்பதும் அதையே. 0.15 சதவீதம் விளிம்போடு ஒத்துப்போனது. 90 கிராமில் அது 0.135 கிராம்தான். சாதாரணத் தராசில் நிற்காது என்பதால், சாயத்தை முதலில் ரெசினின் முதல் பாகத்தில் பத்து மடங்கு நீர்த்து, அதிலிருந்து 1.35 கிராம் எடுத்தார்கள்.

இந்த அளவில் வார்த்தது நேர் எதிரே 38 லக்ஸ். 45 டிகிரி பக்கவாட்டில் பழையது 9, புதியது 8. வரிகள் சரியாகப் பிரதியாகியிருக்கின்றன என்பதற்கு இந்த இரண்டாவது எண்தான் சான்று.

எல்இடி பல்பில் சிவப்பு எல்இடியே வேண்டும். வெள்ளை எல்இடியில் சிவப்புப் பங்கு குறைவு, சிவப்பு கிளாஸ் மீதியை விழுங்கிவிடும். பல பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடம்போடு இணைந்திருப்பது) இருக்கும் என்பதால் பல்பு வாங்குமுன் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். இந்த வண்டி நெகட்டிவுக்கு மாற்றப்பட்டிருந்தது.

ரிஃப்ளெக்டர்

கீழ்ப்பகுதியின் கட்டங்கள் கண்ணுக்கு மூலம் போலவே வந்திருந்தன. இரவில் 30 மீட்டர் தள்ளி நின்று, கண்ணருகே டார்ச்சைப் பிடித்து அடித்துப் பார்த்தபோது பழைய கிளாஸ் நெருப்புத் துண்டு போல மின்னியது. புதியது மங்கிய திட்டாகத் தெரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று முகங்கள் ஒன்றுக்கொன்று துல்லியமாகச் செங்குத்தாக இருந்தால்தான் வெளிச்சம் வந்த வழியே திரும்பும். ரப்பர் அச்சு இம்மியளவு நெளிந்தாலும் அது கலைந்துவிடும். மேலும் முயற்சி வேண்டாம், இது வீட்டு வேலையில் தேறாது என்று ஒப்புக்கொண்டு, சான்றுக் குறியுள்ள தனிச் சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டைப் பம்பருக்கு மேலே பட்டை வைத்துப் பொருத்தினார்கள். எங்கள் பார்வையில் இந்த வேலை முழுவதிலும் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது இது. விளக்கு அணைந்து நிற்கும் வண்டியை இரவில் காட்டிக்கொடுப்பது ரிஃப்ளெக்டர் ஒன்றுதான்.

பொருத்தியதும் பிறகு நடந்ததும்

முதல் நல்ல கிளாஸை அச்சிலிருந்து எடுத்துத் தனியே சூடேற்றியதில் விளிம்பு 0.8 மி.மீ. முறுக்கிக்கொண்டது. அடுத்ததை அச்சுக்குள்ளேயே வைத்து 65 டிகிரியில் ஆறு மணி நேரம் முதிரவிட்டு, ஆறிய பின் எடுத்தார்கள். சமமான கண்ணாடித் தகட்டில் வைத்தபோது ஆடவில்லை. சூடேற்றியது பிளைவுட் பெட்டியில், இரண்டு பல்பும் தெர்மோஸ்டாட்டும் வைத்து. வெளிப்புறத்துக்கு மட்டும் புற ஊதாத் தடுப்புள்ள டூ-கே கிளியர் இரண்டு கோட்.

டிசம்பர் முதல் வாரம் வண்டியில் ஏறியது. திருகுத் துளைகள் ஒரு மி.மீ. பெரிதாக்கப்பட்டு, ரப்பர் வாஷரும் குழல் உறையும் போடப்பட்டன. அப்படியும் இரண்டு மாதத்தில் மேல் துளையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பியது. வேறொரு வேலைக்காக விளக்கைக் கழற்றியவர் உலோக விளக்கு என்ற நினைப்பில் திருகை முறுக்கிவிட்டார். உதிரியாக வைத்திருந்த இன்னொன்று மாட்டப்பட்டது. திருகின் பக்கத்தில் "கையால் மட்டும்" என்று உள்ளே எழுதி ஒட்டப்பட்டது.

இடது வலது நிற வித்தியாசம் இரவில் தெரியவில்லை, பகலில் தெரிந்தது. பிப்ரவரியில் இடப்பக்கத்துக்கும் அச்சு எடுத்து ஜோடியாக மாற்றினார்கள். அதற்கு ஒன்பது நாள்தான் ஆயிற்று. முதல் கிளாஸுக்குப் பிடித்தது மூன்று மாதம். மொத்தச் செலவு, வீணானதும் சேர்த்து, 11,000 ரூபாயை ஒட்டி. அதில் பாதிக்கு மேல் முதல் அச்சுக்கும் கெட்டுப்போன ரெசினுக்கும் போனது.

ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்து பார்த்தபோது முகப்பு தெளிவாகவே இருந்தது. வெளிச்சம் 38-இலிருந்து 36 லக்ஸ். உள்ளே ஈரம் கோக்கவில்லை.

மறுபடி செய்தால்

முதல் நாள் செய்ய வேண்டியது அச்சு அல்ல, இரண்டு அளவுகள்: பல்பு பத்து நிமிடம் எரிந்த பின் கிளாஸின் உள் வெப்பமும், நல்ல பக்கத்தின் லக்ஸ் எண்ணும். எபாக்ஸியை அந்த வெப்ப எண்ணே விலக்கியிருக்கும். அச்சை ஆரம்பத்திலேயே டேங்க் அழுத்தத்தில் இறுகவைத்திருந்தால் 1.2 கிலோ சிலிகான் மிஞ்சியிருக்கும். பாலியூரித்தேன் வேலையை மழைக்காலத்தில் தொடங்காமல் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே, அதிலும் ஈரப்பதம் குறைந்த பிற்பகலில் வைத்துக்கொள்வது நல்லது. ரிஃப்ளெக்டர் கட்டங்களை மூலத்திலேயே மட்டமாக நிரப்பிவிட வேண்டும். வேலை செய்யாத ரிஃப்ளெக்டர் கிளாஸில் இருந்தால், பார்ப்பவர் அது வேலை செய்கிறது என்று நினைத்துத் தனி ரிஃப்ளெக்டரைக் கழற்றிவிடக்கூடும். இடப்பக்க அச்சில் அப்படித்தான் செய்தார்கள்.

தகரம் வகை சிலிகான் ஓரிரு ஆண்டில் பிசுபிசுத்து நொறுங்கத் தொடங்கும் என்பதால், அச்சை நம்பிக் காத்திருக்கவில்லை. அச்சு நன்றாக இருக்கும்போதே கூடுதலாக இரண்டு ஜோடி வார்த்து, முதிரவிட்டு, விளிம்பில் தேதியும் சாய அளவும் பொறித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கறுப்பு உறையில் கட்டி வண்டியின் கோப்போடு வைத்திருக்கிறார்கள்.